பிறந்த குதிரைக் குட்டிக்கு முன்னங்கால் மடங்குகிறது, பின்னங்கால் சரிகிறது: கட்டுப் போடலாமா?

கோபி_செவலை
பிப்ரவரி 9, காலை 9.20

வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன், தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

எங்கள் செவலை நேற்று ராத்திரி இரண்டரை மணிக்குக் குட்டி போட்டது. பெட்டைக் குட்டி. செவலை போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கிய குதிரை, மார்வாரி கலப்பு. விற்றவர் நாலு மாதச் சினை என்றார். அதை நம்பிக் கணக்குப் போட்டால் இப்போது பத்து மாதம் தாண்டியிருக்கிறது. நாள் முந்திப் பிறந்ததா, நிறைந்து பிறந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

குட்டிக்கு நாலு காலும் சரியில்லை. முன்னங்கால் இரண்டும் குளம்புக்கு மேலே இருக்கும் கணுவில் முன்பக்கமாக மடங்குகிறது. நிற்க வைத்தால் குளம்பு நுனியில் நிற்கிறது, ஒரு அடி வைத்ததும் கணு மடங்கி, அதன் முன்பக்கம் தரையில் படுகிறது. இடது கால் கொஞ்சம் அதிகம். பின்னங்கால் இதற்கு நேர் மாறு. குளம்பு நுனி மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, கணு கிட்டத்தட்ட தரைக்கு வந்துவிடுகிறது, குளம்பின் பின்னால் இருக்கும் மெத்தென்ற சதையில்தான் நடக்கிறது.

தானாக எழுந்திருக்க முடியவில்லை. நானும் அப்பாவும் தூக்கிப் பிடித்து நாலேகாலுக்கு நிற்க வைத்தோம். பிடித்துக்கொண்டால் பால் குடிக்கிறது. இளங்கொடி (நஞ்சுக்கொடி) ஐந்து மணிக்குள் விழுந்துவிட்டது.

மூன்று தலைமுறையாக மாடு வைத்திருக்கிறோம், குதிரை இதுதான் முதல். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் மூங்கில் பத்தை சீவி எடுத்து வந்திருக்கிறார். முட்டையும் மஞ்சளும் பற்றுப் போட்டு நாலு காலையும் இறுக்கிக் கட்டிவிட்டால் ஒரு வாரத்தில் நேராகிவிடும் என்கிறார். அப்பாவும் சரி என்கிறார். டாக்டர் வர சாயங்காலம் ஆகும். அதுவரை என்ன செய்வது? கட்டலாமா?


ரேக்ளா_ரசிகன்
பிப்ரவரி 9, காலை 9.48

பயப்படாதீங்க தம்பி. எங்கள் வீட்டில் ஒரு குட்டி இப்படித்தான் பின்னங்கால் சரிந்து பிறந்தது. ஒன்றுமே செய்யவில்லை, தாயோடு வெளியே விட்டோம், பத்து நாளில் எழுந்து நின்றுவிட்டது. முன்னங்காலுக்கும் அப்படித்தான் இருக்கும். நல்லெண்ணெய் காய்ச்சி நன்றாகத் தேய்த்து விடுங்கள்.


பழனி_லாயம்
பிப்ரவரி 9, காலை 10.05

தம்பி, கட்டு வேண்டாம் என்று பெரியவரிடம் பணிவாகச் சொல்லி நிறுத்திவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம், முதலில் அதைச் செய்யுங்கள்.

நான் பழனிக்காரி. அப்பா அடிவாரத்தில் குதிரை வண்டி ஓட்டியவர், நான் லாயத்திலேயே வளர்ந்தேன். இப்போது எங்களிடம் ஐந்து உருப்படி நிற்கின்றன. கால் கோளாறோடு பிறந்த மூன்று குட்டிகளை இந்தக் கையால் பார்த்திருக்கிறேன். இரண்டு பிழைத்தன. ஒன்று போய்விட்டது. அது கால் கோளாறால் போகவில்லை, நாங்கள் போட்ட கட்டால் போனது. அதனால்தான் இவ்வளவு வேகமாக எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் குட்டிக்கு இரண்டு தனித்தனிக் கோளாறு இருக்கிறது. முன்னங்காலில் பின்பக்கமாக ஓடும் நரம்பு சுருங்கியிருக்கிறது. நாம் நரம்பு என்கிறோம், டாக்டர்கள் தசைநாண் என்பார்கள். அந்தப் பேர்தான் பொருத்தம். நாண் இழுத்தால் வில் வளைகிற மாதிரி, பின்னால் இருக்கிற இந்த நாண் இழுத்துப் பிடிப்பதால் கணு முன்னால் தள்ளுகிறது. பின்னங்காலில் அதே நாண் தொய்ந்து கிடக்கிறது. தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாததால் கணு கீழே இறங்கிவிட்டது.

சுருங்கிய காலுக்குக் கட்டும் சிம்பும் (காலோடு வைத்துக் கட்டும் தாங்கு பத்தை) உதவும், பக்குவம் தெரிந்தவர் போட்டால். தொய்ந்த காலைக் கட்டினால் இன்னும் தொய்யும். அந்தக் காலுக்குத் தன் பாரத்தைத் தானே தாங்கிப் பழகினால்தான் முறுக்கேறும். கட்டு அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது. நாலு காலையும் ஒரே மாதிரி கட்டுவது என்பது எந்தக் குட்டிக்கும் ஆகாது, உங்கள் குட்டிக்கு நிச்சயமாக ஆகாது.

ரேக்ளா அண்ணா சொன்னது பின்னங்காலைப் பொறுத்தவரை உண்மைதான். தொய்ந்த கால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஏறிவிடும். சுருங்கிய கால் அப்படி இல்லை அண்ணா. லேசாக இருந்தால் நடக்க நடக்க நீளும். கணு தரையில் படும் அளவுக்கு இருந்தால் தோல் கிழிந்துவிடும், கிழிந்தால் மூட்டுக்குள் சீழ் பிடிக்கும். இன்று நாளை என்று தள்ளவும் கூடாது, முதல் சில நாட்களில் இளகுகிற மாதிரி பிறகு இளகாது. எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். பிஞ்சுத் தோல்.

இப்போது கால் இரண்டாவது விஷயம். பால்தான் முதல். குட்டி நிற்க முடியாமல் சாவதில்லை, நிற்க முடியாததால் சீம்பால் குடிக்காமல்தான் சாகிறது. மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்புச் சக்தி வயிற்றிலேயே கொஞ்சம் வந்துவிடும். குதிரைக் குட்டிக்கு அது கிடையாது, எல்லாமே சீம்பாலில்தான் வர வேண்டும். அதை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை குடலில் ஒரு நாள்கூட முழுதாக இருக்காது, மணிக்கு மணி குறையும். முதல் ஆறு எட்டு மணி நேரத்தில் ஒரு லிட்டராவது உள்ளே போயிருக்க வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே ஏழரை மணி நேரம் ஆகிவிட்டது.

தூக்கும்போது வயிற்றுக்கு அடியில் கை கொடுக்காதீர்கள், தொப்புள் அறுந்து ரத்தம் வரும். ஒரு கை நெஞ்சுக்கு முன்னால், ஒரு கை பிட்டத்துக்குப் பின்னால். அரை மணிக்கு ஒரு தரம் எழுப்பிக் குடிக்க வையுங்கள். நல்ல குட்டி மணிக்கு ஐந்தாறு தரம் குடிக்கும். இரண்டு வாய் சப்பிவிட்டு விட்டுவிடும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். செவலையின் மடியைத் தொட்டுப் பாருங்கள். கல்லு மாதிரி கனத்து, காம்பில் பால் சொட்டிக்கொண்டிருந்தால் குட்டி குடிக்கவில்லை என்று அர்த்தம். அப்படியானால் கறந்து புட்டியில் கொடுங்கள், ஒரு தரத்துக்கு கால் லிட்டர். படுக்கப் போட்டு ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். தாய் மடியில் குடிக்கிற மாதிரி கழுத்து நீண்டு, தலை லேசாக மேலே இருக்க வேண்டும்.

இவற்றைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். ஒன்று, குட்டி படுத்திருக்கும்போது முன்னங்காலை மெதுவாகக் கையால் நீட்டினால் நேராக வருகிறதா? இரண்டு, எந்த மூட்டாவது சூடாக, வீங்கி இருக்கிறதா? மூன்று, காது நிமிர்ந்து நிற்கிறதா, தொய்ந்து கிடக்கிறதா? நாள் முந்திப் பிறந்த குட்டிக்குக் காது தொய்ந்திருக்கும், நெற்றி உருண்டிருக்கும், மயிர் பட்டு மாதிரி இருக்கும். அப்படி இருந்தால் முட்டி எலும்பே இன்னும் முற்றியிருக்காது, நடக்க வைக்கவே கூடாது.

இன்னும் ஒன்று. மாட்டுக் கொட்டகையில் ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசி மருந்து வைத்திருப்பீர்கள். அதைத் தொடாதீர்கள். யாராவது "நரம்பு இளக அதைத்தான் போடுவார்கள்" என்று சொல்வார்கள். டாக்டர் முடிவு செய்யட்டும்.


கோபி_செவலை
பிப்ரவரி 9, பகல் 11.30

அக்கா, ரொம்ப நன்றி. பெரியவரிடம் சொல்லிவிட்டேன், அவரும் கோபப்படவில்லை. இப்போது குட்டியைப் பிடிக்க அவர்தான் கூட நிற்கிறார்.

மடி கனத்துத்தான் இருந்தது. இரண்டு காம்பிலும் பால் சொட்டியது. குடிக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம், சும்மா சப்பியிருக்கிறது. கறந்தோம். செவலை முதலில் உதைக்கப் பார்த்தது, என் வீட்டுக்காரி கழுத்தைத் தடவிப் பேசிக்கொண்டே இருந்தாள், அப்புறம் நின்றது. மஞ்சளாக, விரலில் ஒட்டுகிற மாதிரி கெட்டியாக இருந்தது. கால் லிட்டர் கொடுத்தோம், முழுசும் குடித்தது. அரை மணி கழித்து இன்னொரு கால் லிட்டர். கருப்பாக முதல் லத்தி போட்டுவிட்டது.

வலது முன்னங்கால் கையால் நீட்டினால் முழுக்க நேராக வருகிறது. இடது கால் கிட்டத்தட்ட வருகிறது, கடைசியில் கொஞ்சம் அடம் பிடிக்கிறது. மூட்டு எதுவும் சூடாக இல்லை. காது நன்றாக நிமிர்ந்து நிற்கிறது. இரண்டு காது நுனியும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் போகிற மாதிரி, அம்மா போலவே இருக்கிறது.


ஓய்வு_கால்நடை_மருத்துவர்
பிப்ரவரி 9, பகல் 12.15

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து 30 ஆண்டுகளுக்கு மேல் பணி செய்தவன். பழனி சகோதரி சொன்ன வரிசை சரியான வரிசை. சில விஷயங்களை மட்டும் சேர்க்கிறேன்.

கையால் நீட்டினால் நேராக வரும் கால் நல்ல அறிகுறி. சுருக்கம் நாணில் மட்டும்தான், மூட்டின் உறை இறுகிவிடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இத்தகைய குட்டிகள் பெரும்பாலும் தேறிவிடும். எவ்வளவு பலமாக இழுத்தும் வராத கால்தான் கவலைக்குரியது.

ஆக்சிடெட்ராசைக்ளின் பற்றி. இது நுண்ணுயிர்க்கொல்லிதான். ஆனால் பிறந்த ஓரிரு நாள் குட்டிக்கு மிக அதிக அளவில், அதாவது 2 முதல் 3 கிராம் வரை, சலைனில் கலந்து ரத்தக்குழாயில் மெதுவாக ஏற்றினால் சுருங்கிய நாண் இளகும் என்பது உலகெங்கும் குதிரை மருத்துவர்கள் கையாளும் முறை. பலன் ஒரு நாளுக்குள்ளேயே தெரிய ஆரம்பிக்கும். நாணில் இருக்கும் செல்கள் நார்களை இழுத்துச் சுருக்குவதை இந்த மருந்து தடுக்கிறது என்று கருதப்படுகிறது. ஆபத்து சிறுநீரகத்துக்கு. பால் குடிக்காமல் நீர் வற்றிய குட்டிக்கு இந்த அளவு மருந்தை ஏற்றினால் சிறுநீரகம் செயலிழக்கலாம். ஆகவே ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் அளவு) பார்த்துவிட்டு ஏற்றுவது நல்லது. மாட்டுக்குத் தசையில் போடும் நீண்ட நேரம் வேலை செய்யும் வகையை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

உங்கள் குட்டிக்கு இன்னொரு சிக்கல். அந்த மருந்துக்கு முன்னங்கால், பின்னங்கால் என்ற பேதம் தெரியாது. நாலு காலையும் இளக்கும். ஏற்கெனவே தொய்ந்த பின்னங்கால் இன்னும் தொய்ந்துவிடும். நானாக இருந்தால் முதல் இரண்டு நாள் சிம்பு மட்டும் வைத்துப் பார்ப்பேன். வந்து பார்க்கும் மருத்துவர் எடுக்கும் முடிவே இறுதியானது, அவர் குட்டியைத் தொட்டுப் பார்க்கிறார், நான் பார்க்கவில்லை.

தொப்புளைக் குளோர்ஹெக்சிடின் கரைசலில் நனையுங்கள், முதல் நாள் மூன்று நான்கு தரம். ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி தாய்க்குப் போட்டதா என்று தெரியாததால் குட்டிக்கு ஜன்னி எதிர்ப்பு மருந்து போடச் சொல்லுங்கள். குதிரைகளுக்கு அந்த நோய் மற்ற கால்நடைகளைவிட எளிதில் வரும். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம், குட்டிகளுக்கு வயிற்றுப்புண் வந்துவிடும். உடல் சூடு 99 முதல் 102 பாரன்ஹீட் வரை இருக்கலாம். அதைத் தாண்டினாலோ, ஒரு மூட்டு வீங்கினாலோ, கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழையுங்கள், அல்லது வண்டியில் ஏற்றி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். அன்றே.


கோபி_செவலை
பிப்ரவரி 9, இரவு 9.10

டாக்டர் ஆறு மணிக்கு வந்தார். ஒன்றரை மணி நேரம் இருந்தார். தொய்வு, சுருக்கம் இரண்டும் கலந்து இருக்கிறது என்று அவரும் சொன்னார். குட்டி நாள் நிறைந்துதான் பிறந்திருக்கிறதாம். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். ஜன்னிக்கு ஊசி போட்டார். ஆக்சிடெட்ராசைக்ளின் இப்போதைக்கு வேண்டாம் என்றார், ஓய்வு டாக்டர் ஐயா சொன்ன அதே காரணம்தான்.

முன்னங்கால் இரண்டுக்கும் பி.வி.சி. பைப்பில் சிம்பு. தோட்டத்தில் தண்ணீர் லைன் போட்டு மிச்சமான மூன்று இஞ்ச் பைப் கிடந்தது. அதையே நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பஞ்சு சுற்றி, பின்பக்கமாக வைத்துக் கட்டினார். பின்னங்காலுக்குக் கட்டே கிடையாது. குளம்புக்கு அடியில் சின்னப் பிளைவுட் துண்டு, பின்னால் இரண்டு விரல் நீட்டிக்கொண்டு இருக்கிற மாதிரி வெட்டி, டேப் போட்டு ஒட்டினார். நுனி தூக்குவது அப்போதே நின்றுவிட்டது! சிம்பு போட்டதும் குட்டி தானாக ஒரு நிமிஷம் நின்றது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நாலு மணி நேரம் போட்டு நாலு மணி நேரம் அவிழ்க்க வேண்டும் என்றார். நாளையிலிருந்து நாங்களேதான் கட்ட வேண்டும். அதுதான் பயமாக இருக்கிறது.


பழனி_லாயம்
பிப்ரவரி 9, இரவு 10.30

நல்ல டாக்டர் கிடைத்திருக்கிறார் தம்பி. பயம் நல்லதுதான், அந்தப் பயத்தோடேயே கட்டுங்கள்.

கட்டால் போன குட்டியைப் பற்றிக் காலையில் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருஷத்துக்கு முன்னால், கருப்பு ஆண் குட்டி. முன்னங்கால் இரண்டும் உங்கள் குட்டியைவிட லேசாகத்தான் மடங்கியது. எலும்புக் கட்டுப் போடுகிறவர் ஒருவரைக் கூட்டி வந்தோம். மனிதர்களுக்கு நன்றாகக் கட்டுகிறவர், மனசிலும் நல்லவர். மூங்கில் வைத்து இறுக்கிக் கட்டினார். நாலு நாள் அவிழ்க்கக் கூடாது என்றார். குட்டி எழுந்து நின்றது, குடித்தது, எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி லாயத்துக்குள் நுழைந்ததும் ஒரு வாடை. வைக்கோல் நனைந்த வாடை என்று நினைத்துக் கூட்டிவிட்டேன். மறுநாள் அவிழ்த்தபோது கணுவுக்குப் பின்னால் தோல் துணியோடு சேர்ந்து வந்துவிட்டது. உள்ளே வெள்ளையாக நாண் தெரிந்தது. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது, அது நாண் என்றுகூடத் தெரியாது. பதினோராம் நாள் போய்விட்டது. கால் மட்டும் நேராகத்தான் இருந்தது.

குட்டியின் தோல் வெற்றிலை மாதிரி. அழுத்தம் ஒரு ராத்திரி தங்கினால் போதும், செத்துப்போகும். அதனால்தான் நாலு மணி நேரக் கணக்கு. அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கக் கலக்கத்தில் "இன்னும் ஒரு மணி நேரம்தானே" என்று விடாதீர்கள்.

பைப்பின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அரம் போட்டுத் தேய்த்துவிட்டு, அடுப்புத் தணலில் லேசாகக் காட்டி, மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் வெளிப்பக்கமாக மடித்துவிடுங்கள், பூவிதழ் விரிகிற மாதிரி. குட்டி காலை மடக்கும்போது அந்த விளிம்புதான் போய்க் குத்தும். பைப் பஞ்சைவிட நீளமாக இருக்கக் கூடாது, மேலும் கீழும் ஒரு இஞ்ச் பஞ்சு வெளியே தெரிய வேண்டும். பஞ்சைச் சுருக்கமில்லாமல் சுற்றுங்கள். ஒரு சுருக்கம் உள்ளே இருந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு விழும், அந்தக் கோடுதான் புண்ணாகும். கட்டின பிறகு மேல் ஓரத்தில் உங்கள் சுண்டு விரல் நுழைய வேண்டும். ஈரமானால், மூத்திரம் பட்டால், நேரம் ஆகாவிட்டாலும் அவிழ்த்து மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு தரமும் கணுவுக்குப் பின்பக்கம், முட்டிக்குக் கீழே, குளம்புக்கு மேலே என மூன்று இடத்தையும் வெறும் விரலால் தடவுங்கள். கண்ணைவிட விரலுக்குச் சீக்கிரம் தெரியும். சூடு, ஈரம், மயிர் ஒட்டிக்கொண்டிருப்பது எது இருந்தாலும் அந்தக் காலுக்கு அடுத்த முறை சிம்பு கிடையாது.

அவிழ்த்திருக்கும் நேரத்தில் பத்து நிமிஷம் மெதுவாக நடக்க விடுங்கள், தாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு. கெட்டியான, சமமான தரை. ஓட விடாதீர்கள். சுருங்கிய பின் நாணோடு மல்லுக்கட்டி முன் நாண் அறுந்துபோவதுண்டு. முட்டிக்கு முன்பக்கம் கோழிமுட்டை அளவு வீக்கம் வந்தால் அதுதான். லாயத்தில் வைக்கோல் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்?


கோபி_செவலை
பிப்ரவரி 10, காலை 6.15

ஒரு சாண் உயரத்துக்கு எல்லா இடத்திலும் போட்டிருந்தேன் அக்கா. அதில் குட்டி கால் புதைந்து தடுமாறியது இப்போதுதான் புரிகிறது. பாதி இடத்தில் எடுத்துவிட்டு மண் தரையாக விட்டேன். படுக்க ஒரு பக்கம், நடக்க ஒரு பக்கம்.

ராத்திரி பத்துக்கு அவிழ்த்தோம், இரண்டு மணிக்குக் கட்டினோம். முதல் தரம் கட்ட முக்கால் மணி நேரம் ஆனது. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரம் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள் என் வீட்டுக்காரி. கட்டிய நேரம், அவிழ்த்த நேரம், குடித்தது, லத்தி, சூடு. காலை சூடு 101.


கோபி_செவலை
பிப்ரவரி 13, இரவு 8.40

ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்துவிட்டது, சீம்பால் போதுமான அளவு போயிருக்கிறதாம். குட்டி தானாக எழுந்திருக்கிறது. முன்பக்கம் வலது கால் சிம்பு இல்லாமலே நேராக நிற்கிறது.

ஆனால் இன்று சாயங்காலம் இடது காலை அவிழ்த்தபோது முட்டிக்குக் கீழே, பைப்பின் மேல் விளிம்பு படும் இடத்தில், ஒரு ரூபாய் அளவுக்கு ரோஸ் நிறம். கண்ணுக்கு முதலில் தெரியவில்லை, விரலுக்குச் சூடாகத் தெரிந்தது. நீங்கள் சொன்னது ஞாபகம் வந்து அப்படியே நிறுத்திவிட்டேன். டாக்டருக்குப் போட்டோ அனுப்பினேன். நாளை முழுக்கச் சிம்பு வேண்டாம், கையால் நீட்டி நீட்டி விடுங்கள் என்றார். திரும்ப மடங்கிவிடுமோ என்று ஒரே கவலை.


பழனி_லாயம்
பிப்ரவரி 13, இரவு 9.00

ஒரு நாள் விட்டால் மடங்காது தம்பி. கொஞ்சம் பின்வாங்கும், அவ்வளவுதான், அதைத் திரும்பப் பிடித்துவிடலாம். தோல் போனால் பிடிக்க முடியாது. சரியான இடத்தில் நிறுத்திவிட்டீர்கள்.

நீட்டும்போது குட்டி படுத்திருக்கட்டும். ஒரு கை முட்டிக்கு முன்னால், ஒரு கை குளம்பைப் பிடித்துக்கொண்டு, அது தாங்குகிற அளவு மட்டும். இருபது எண்ணும் வரை பிடித்து விடுங்கள். பத்துத் தரம், பால் குடித்துவிட்டுப் படுக்கும்போதெல்லாம். கால் தானாகக் கனத்து உங்கள் கையில் சாயும், அந்தச் சமயம்தான் நாண் இளகுகிற சமயம். இழுத்துக்கொண்டு உதறினால் நீங்கள் அதிகமாக இழுக்கிறீர்கள். மறுபடி சிம்பு போடும்போது அந்த இடத்துக்கு மேல் விளிம்பு வராமல் பைப்பை ஒரு இஞ்ச் குறைத்து வெட்டிவிடுங்கள்.


ரேக்ளா_ரசிகன்
பிப்ரவரி 14, காலை 7.30

எண்ணெய் தேய்க்கச் சொன்னது தப்பு தம்பி, மன்னிச்சுக்குங்க. பின்னங்கால் எப்படி இருக்கிறது?


கோபி_செவலை
பிப்ரவரி 14, காலை 8.05

அதெல்லாம் ஒன்றுமில்லைங்க அண்ணா. பின்னங்காலுக்கு நீங்கள் சொன்னதுதான் நடந்தது. நாளுக்கு நாள் கணு மேலே ஏறுகிறது. பிளைவுட் ஒரு தரம் கழன்று விழுந்தது, திரும்ப ஒட்டினேன்.


கோபி_செவலை
பிப்ரவரி 20, இரவு 7.50

பதினோரு நாள் ஆகிறது. வலது முன்னங்காலுக்குச் சிம்பு நிறுத்தி ஆறு நாள். இடது காலுக்கு நேற்றோடு நிறுத்தினோம். பிளைவுட் எடுத்து இரண்டு நாள், பின்குளம்பு நாலு பக்கமும் தரையில் படுகிறது. ரோஸ் நிறம் இருந்த இடத்தில் மயிர் மட்டும் கொட்டியிருக்கிறது, புண் இல்லை.

இன்று காலையில் செவலையைக் களத்துக்குக் கொண்டுபோனோம். வேப்பமரம் வரைக்கும்தான் போவது வழக்கம். குட்டி அம்மாவைத் தாண்டி முன்னால் போய், மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பி வந்து மடியில் முட்டியது. நான் ஓட விடக் கூடாது என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் "விடு, விடு" என்கிறார். பத்து நிமிஷத்தில் உள்ளே கொண்டுவந்துவிட்டோம். மூட்டு எல்லாம் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை, முட்டியில் வீக்கமும் இல்லை.

அக்கா, இன்னும் இரண்டு கேள்வி. செவலைக்கு நிறைய பால் சுரக்கட்டும் என்று அப்பா கொள்ளுத் தீனியை இரட்டிப்பாக்கச் சொல்கிறார், செய்யலாமா? இடது முன்குளம்பு நுனி கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. லாடம் கட்டுகிறவரைக் கூப்பிடலாமா?


பழனி_லாயம்
பிப்ரவரி 20, இரவு 8.35

படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் சத்தம் போட்டு வாசித்துக் காட்டினேன் தம்பி. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு, காது சரியாகக் கேட்காது, வேப்பமர இடத்தை மட்டும் இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.

கொள்ளை இரட்டிப்பாக்க வேண்டாம். சுருங்கிப் பிறந்த கால் ஒரு கதை, வளர்கிற வயசில் சுருங்குகிற கால் இன்னொரு கதை. இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரைக்கும் தீனி அதிகமாகி எலும்பு வேகமாக வளர்ந்தால் நாண் கூடவே நீள முடியாமல் பின்தங்கிவிடும். அப்போது குதிப்பக்கம் தூக்கிக்கொண்டு குளம்பு செங்குத்தாக வரும். பச்சைப் புல், சோளத்தட்டு வயிறு நிறையக் கொடுங்கள், கொள்ளு இப்போது கொடுக்கிற அளவே போதும். தாயின் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. குட்டி தாயின் தொட்டியில் வாய் வைக்க ஆரம்பிக்கும், தொட்டியை உயரத்தில் கட்டுங்கள்.

லாடக்காரரை ஒரு மாதம் ஆனதும் கூப்பிடுங்கள். லாடம் எதுவும் வேண்டாம், அரம் மட்டும் போதும். டாக்டரையும் அன்றைக்கே வரச் சொன்னால் நல்லது. முன்குளம்பில் குதிப்பக்கம் கொஞ்சம் தேய்க்க வேண்டுமா, நுனியை விட்டுவிட வேண்டுமா என்று இருவரும் சேர்ந்து பார்க்கட்டும்.

ஆறு மாதம் ஆகும் வரை வாரம் ஒருநாள், சிமெண்ட் தரையில் நிறுத்தி, நீங்கள் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். இடது முன்குளம்பின் பின்பக்கத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு காலண்டர் தாள் நுழைகிற இடைவெளி தெரிந்தாலும் டாக்டருக்குப் போன் போட்டுவிடுங்கள்.